குகநேசனும் என் பொறாமையும்

குகநேசன் இறந்த செய்தி எனக்குக் கம்பாலாவிலிருந்து வந்தது. அவர் உயிர் பிரிந்த மருத்துவமனை என் வீட்டிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். அவர் வீடோ இன்னும் கிட்ட. இருவரும் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில்தான் குடியிருந்தோம், ஒரே டிராமில்தான் வேலைக்குக் கிளம்புவோம். இருந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, உகாண்டாவிலிருந்து எங்கள் பழைய மாணவி கிரேஸ் அழைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"டாக்டர் மூர்த்தி, உண்மையா? நேசன் போய்விட்டாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் அழுதாள். எங்களிடம் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் விடியற்காலையே செய்தி வந்துவிட்டதாம். டாக்காரிலும் லுசாக்காவிலும் இருப்பவர்களெல்லாம் விழித்தெழுந்து எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அப்படி ஒரு குழு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குகநேசன் அதில் இருந்தார், நான் இல்லை. முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி நின்றேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நான் செத்தால் கிரேஸ் யாருக்காவது போன் செய்து அழுவாளா என்ற கேள்விதான் வந்தது.

அவரை அறிந்த நீங்கள் இந்தப் பத்தியோடு தாளை மூடிவிடலாம். ஆனால் நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பொறாமையை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை. பதினாறு ஆண்டுகளாக அவரை நான் அதன் வழியாகத்தான் பார்த்தேன். யாரையும் அவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததில்லை.

நாங்கள் வேலை செய்தது லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் சிறிய மையத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பன்னிரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்து வருவோம். ஓராண்டு படித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நாளை அங்கே அமைச்சகத்திலோ நீதிமன்றத்திலோ பொறுப்புக்கு வரும்போது அவர்கள் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் மையத்தின் நோக்கம். அதற்கான பாடத்திட்டத்தை எழுதியவன் நான். திருச்சியில் பட்டம் வாங்கி, இங்கே முனைவர் பட்டம் முடித்து, பொதுவாழ்வின் அறம் பற்றி இரண்டு நூல்கள் எழுதியவன். குகநேசன் யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் அகதியாக வந்தவர். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தவர். பிறகு ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் முகாம் முகாமாக அலைந்தவர். எங்கள் இயக்குநர், கானாவைச் சேர்ந்த பேராசிரியர் அமா, ஒரே வாரத்தில் எங்கள் இருவரையும் வேலைக்கு எடுத்தார்.

முதல் ஆண்டின் முதல் வகுப்பிலேயே ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "நீங்கள் இருவருமே ஆப்பிரிக்கர்கள் இல்லை. எங்களுக்குச் சொல்லித்தர உங்களிடம் என்ன இருக்கிறது?"

நான் பதில் சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன் என்று நினைக்கிறேன். காலனியம், உலகப் பொதுமை, ஒப்பாய்வு என்று எல்லாம் அதில் இருந்தது. நான் முடித்ததும் குகநேசன், "நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. வருடக் கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்," என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு கதவு திறந்தது, நான் அதற்கு வெளியே நின்றேன்.

அன்று மாலை டிராம் நிறுத்தத்தில் அவரிடம், "நல்லா சமாளிச்சீங்க சார்," என்றேன்.

"சமாளிக்கேல்லை மூர்த்தி. உண்மையிலையே எனக்குத் தெரியாது," என்றார். "சார் எண்டு கூப்பிடாதேங்கோ. உங்களைவிட நாலு வயசுதான் கூட. அண்ணை எண்டு கூப்பிடுங்கோ."

கடைசிவரை நான் அவரை அண்ணை என்று கூப்பிடவில்லை. குகன் சார் என்றே கூப்பிட்டேன். மரியாதைக்காக அப்படி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவருடைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பொறாமைக்காரனை விட அவற்றைக் கணக்காகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டார். மின்னஞ்சலுக்குப் பதில் போடமாட்டார். விடைத்தாள்களை மேசையில் குவித்து வைத்துவிட்டு, கெடு நாளன்று என் அறை வாசலில் வந்து நிற்பார். "மூர்த்தி, ஒரு பாதியை நீங்கள் பாருங்கோவன்." நான் பார்ப்பேன். அந்த மாணவர்கள் ஆண்டு முடிவில் அவருக்குத்தான் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். அவர் அறைக் கதவு முழுக்க அஞ்சலட்டைகள். ஃப்ரீடவுனில் ஒரு பையனுக்கு நேசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெயரை அவர்கள் சரியாக உச்சரிக்கவே இரண்டு பருவம் ஆகும்.

வடக்கு லண்டனில் ஆர்ச்வேயில் இருக்கும் முருகன் கோயிலுக்கு நான் மாதம் இருமுறை போகிறவன். ஒருமுறை அங்கே அன்னதான வரிசையில் என் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் தட்டோடு நிற்பதைக் கண்டேன். அவர்களுக்கு முன்னால் குகநேசன் நின்று சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர்கள் "வாங்கோ, வாங்கோ" என்று தமிழில் கூப்பிட்டார்கள். அவ்வளவு ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்குப் போகும் எனக்கு, யாரையும் கூட்டிப்போகலாம் என்று தோன்றியதே இல்லை. அன்று நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மாணவர் தேர்வின்போது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் சொல்வார்: "பிழையே செய்யாத ஆக்களை எனக்குத் தராதேங்கோ. அவையோடை கதைக்க என்னட்டை ஒண்டும் இல்லை."

வகுப்பிலும் அவர் அதைத்தான் செய்தார். தான் செய்து, யாரிடமும் பிடிபடாமல், நன்மையும் அடைந்த ஒரு பிழையை ஒவ்வொரு மாணவரும் எழுத வேண்டும். முதலில் தன்னுடையதை வாசிப்பார். ஒரு முகாமில் தார்ப்பாய் கொடுக்கும் பட்டியல் அவர் பொறுப்பில் இருந்தது. முகாம் தலைவர் தன் சொந்தக்காரர்களை மேலே ஏற்றி வேறொரு பட்டியலைக் கொண்டுவந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குகநேசன் களைத்துப் போயிருந்தார். தெரிந்தே கையெழுத்திட்டார். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தார்ப்பாய் இல்லாமல் போயிற்று. அவள் சண்டை போடவில்லை. நனைந்தபடியே, "பரவாயில்லை ஐயா, நன்றி," என்று சொல்லிவிட்டுப் போனாள். "அவள் என்னை ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேன்," என்று முடிப்பார்.

ஆண்டுதோறும் அதைக் கேட்டேன். வகுப்பு மூச்சடங்கிப் போவதை ஆண்டுதோறும் பார்த்தேன். எனக்கு அவருடைய குற்றத்தின் மேலும் பொறாமை வந்தது. சொல்லிக்கொள்ள எனக்கு அப்படி ஒன்று இல்லையே என்று நினைத்தேன். அந்தக் குறையும் பிறகு தீர்ந்தது.

டேனியல் என்றொரு மாணவன் வந்தான். கெட்டிக்காரன், சிரித்த முகம். அவனுடைய மாமா அவன் நாட்டில் அமைச்சர். எங்கள் மையத்தின் பெரிய மாநாட்டை அந்த அமைச்சகம் தன் தலைநகரில் நடத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. டேனியலின் இறுதி ஆய்வேட்டை நான் முதலில் திருத்தினேன். நடுவில் மூன்று பக்கங்கள் படித்ததும் எனக்கு ஒரு மகிழ்ச்சி வந்தது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், அது என் குரல். என் இரண்டாம் நூலிலிருந்து வரிக்கு வரி எடுத்து, பெயர் குறிப்பிடாமல் தன்னுடையதாக வைத்திருந்தான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நானே பாடம் எழுதியிருக்கிறேன். செய்தது வேறு. மாநாட்டை நினைத்தேன், அமாவின் முகத்தை நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் நூலை ஒருவன் இவ்வளவு படித்திருக்கிறானே என்றும் நினைத்தேன். சுமாரான மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாம் திருத்துநர் குகநேசன். அவர் எங்கே முழுதாகப் படிக்கப்போகிறார் என்ற தைரியம்.

மூன்றாம் நாள் என் அறைக்கு வந்தார். கையில் ஆய்வேடு. மறு கையில் என் புத்தகம், ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு.

"மூர்த்தி, இது உங்கடை மூண்டாம் அத்தியாயம்."

"அப்படியா? நான் கவனிக்கலையே."

அவர் என்னையே பார்த்தார். "நீங்கள் எழுதினதை நீங்களே கவனிக்கேல்லையோ?"

நான் மாநாட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் வாழ்க்கை பாழாகிவிடும் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவன் நாளைக்கு ஒரு பெரிய கதிரையிலை இருப்பான். அப்ப ஒருத்தன் இப்பிடிக் கள்ளக் கையெழுத்தோடை ஒரு கடதாசியை நீட்டுவான். லண்டனிலை பெரிய ஆக்களே பாத்தும் பாக்காமல் விட்டவை எண்டு இவன் நினைக்க மாட்டானோ? எனக்கு ஏலாது மூர்த்தி. நான் அமாவிட்டைச் சொல்லப் போறன். நீங்கள் கவனிக்கேல்லை எண்டே சொல்லுறன்."

அப்படியே சொன்னார். பொய் சொல்லாதவர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அமாவுக்கு வருத்தம், மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோபம். அமைச்சகம் நாகரிகமாக ஒரு கடிதம் எழுதி விலகிக்கொண்டது. மாநாடு நடக்கவில்லை. டேனியல் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று குழு தீர்மானித்தது. ஐந்து வாரங்கள் தினமும் பிற்பகலில் நூலக மேசையில் அவனும் குகநேசனும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நான் கடந்து போவேன். முதல் வாரம் அவன் அவரிடம் பேசவே இல்லை. இவர் தன் பாட்டுக்குக் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு காத்திருப்பார்.

என் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓரக்குறிப்போடு படித்த ஒரே சக ஊழியர் அவர்தான் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்போது உறைக்கவில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்பதுதான் பொறுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அமா ஓய்வு பெற்றார். இயக்குநர் பதவிக்கு ஆள் தேடினார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை. அவரோடு போட்டியிட்டுத் தோற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவரிடம் போய், "நீங்க போடுங்க குகன் சார். உங்களை விட்டா இந்த வேலைக்கு ஆள் கிடையாது," என்று நானேதான் வற்புறுத்தினேன். அவர் தயங்கினார். "என்னட்டை உந்தப் பெரிய பட்டங்கள் ஒண்டும் இல்லை," என்றார். "அதெல்லாம் யாரு பாக்கறாங்க," என்றேன். நான் உற்சாகப்படுத்திய உற்சாகத்தில்தான் அவர் விண்ணப்பித்தார்.

தேர்வுக்குழு மூத்தவர்களிடம் ரகசியமாக எழுத்தில் கருத்துக் கேட்டது. நான் அவரைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "தனிப்பட்ட நேர்மை குறித்த தமது கருத்துக்காக, மையத்தின் வெளி உறவுகளை ஆபத்துக்கு உள்ளாக்க அவர் தயங்கமாட்டார்." அதிலும் பொய் இல்லை. மாநாடு கைநழுவியதை எல்லோரும் அறிவார்கள். அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன், அவரோடுதான்.

பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. நான் அவர் தோளில் கை போட்டு, "விடுங்க சார், அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை," என்றேன். அவர், "ஓம்," என்றார்.

அடுத்த ஆண்டு வந்த குழுவில்தான் கிரேஸ் இருந்தாள். ஒருநாள் குகநேசனின் வகுப்பில் நானும் உடனிருந்தேன். விவாதங்களுக்கு இருவரும் சேர்ந்து மதிப்பெண் போடுவது வழக்கம். அவர் பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதினார். என் வாக்கியம். ஒரு சொல்லும் மாறவில்லை. மையம் என்ற இடத்தில் மட்டும் நிறுவனம் என்று இருந்தது.

"ஒருவர் தன் நண்பரைப் பற்றித் தேர்வுக்குழுவுக்கு இப்படி எழுதுகிறார். இதில் உள்ளது உண்மை. எழுதியது சரியா?"

நான் சன்னலோரம் நின்றேன். தற்செயல் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். மாணவர்கள் அரை மணி நேரம் வாதாடினார்கள். உண்மையைச் சொல்வது கடமை என்றார்கள் சிலர். கடைசியில் கிரேஸ் எழுந்தாள். "நண்பரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருந்தால் அது அக்கறை. அவர் இல்லாத இடத்தில் சொன்னதால், உண்மையைக் கொண்டே ஒரு பொய் சொல்லியிருக்கிறார்," என்றாள். இன்னொருவன், "எழுதியவருக்கு இதில் என்ன கிடைத்தது?" என்று கேட்டான்.

"அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்," என்றார் குகநேசன். பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. கிரேஸுக்கு நான் அன்று மிகக் குறைவான மதிப்பெண் போட்டேன். அவர் அதை அடித்துவிட்டு, சரியானதைப் போட்டார்.

இப்படியே ஆறு ஆண்டுகள் போயின. ஒரே டிராம், ஒரே தேநீர், விடைத்தாளில் பாதி. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று யோசிக்காத நாள் குறைவு. கேட்கத் துணிந்த நாள் ஒன்றும் இல்லை. நேர்மை பற்றி அந்த ஆறு ஆண்டுகளும் நான் நன்றாகவே பாடம் நடத்தினேன்.

சென்ற குளிர்காலத்தில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்கு மாதம்தான். கடைசி மாதத்தில் ஒரு பிற்பகல் தனியாகப் பார்க்கப் போனேன். அவர் மனைவி யசோ அக்கா மருந்து விஷயமாக நர்ஸிடம் பேசப் போயிருந்தார். குகநேசனின் உடம்பு பாதியாகியிருந்தது, கண் மட்டும் பழைய கண். நான் கட்டிலருகே நின்றபடியே சொன்னேன்.

"குகன் சார், டைரக்டர் வேலைக்கு... அந்த ரிப்போர்ட்ல அப்படி எழுதினது நான்தான்."

"ஓம். தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அந்த வருஷமே. சட்டப்படி என்ரை பைலைத் தரச் சொல்லிக் கேட்டனான். பேரை மறைச்சுத்தான் தந்தவை. பேர் என்னத்துக்கு? உங்கடை வசனத்தை எனக்குத் தெரியாதே? ரெண்டு புத்தகம் வாசிச்சனான்."

"ஏன் சார் என்கிட்ட கேக்கலை?"

அவர் சற்று நேரம் மூச்சு வாங்கினார். "கேட்டா நீங்கள் மன்னிப்புக் கேப்பியள். நான் பரவாயில்லை எண்டு சொல்ல வேணும். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை. கோவம் மூர்த்தி. சரியான கோவம். உங்களைக் கண்டா அடிக்க வேணும் போலை இருந்தது. அதுதான் வகுப்பிலை எழுதினனான். அதுவும் பிழைதான். பொடியளை வைச்சு உங்களை அடிச்ச மாதிரி."

"இப்ப?"

"இப்பவும் வரேல்லை." அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு கட்டிலருகே இருந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "ஆனா வந்திருக்கிறியள். இருங்கோ."

உட்கார்ந்தேன். யசோ அக்கா வந்ததும் நாங்கள் வழக்கம்போல டிராமைப் பற்றியும் இயக்குநரைப் பற்றியும் கதைத்தோம். அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை.

அவர் தகனத்தன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். ஒரு சுவர் நிறையத் திரை, அதில் எத்தனையோ ஊர்களிலிருந்து முகங்கள். பேச வேண்டியவர் நான் என்று அவரே சொல்லி வைத்திருந்ததாக யசோ அக்கா சொன்னார். பேசினேன். அவருடைய எளிமை, நேர்மை, மாணவர்கள் மேல் இருந்த அன்பு. நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் இதுவரை படித்த எதுவும் இல்லை.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் டேனியல் வந்தான். அதற்காகவே விமானம் ஏறி வந்திருக்கிறான். அவன் நாட்டில் இப்போது அரசுத் தணிக்கையில் இருக்கிறான். மாமாவின் அமைச்சகத்தையே ஒருமுறை தணிக்கை செய்ய நேர்ந்து, குடும்பத்தில் யாரும் அவனோடு பேசுவதில்லையாம்.

"டாக்டர் மூர்த்தி, நீங்கள் அன்று கவனிக்காமல் இருந்திருக்க முடியாது," என்றான். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். அவர் கூப்பிட்டிருக்காவிட்டால், அப்படித் துள்ளியவனாகவே ஊருக்குத் திரும்பியிருப்பேன்."

"ஆமா," என்று தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது.

இந்த அஞ்சலியை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் யசோ அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அனுமதி இல்லாமல் இது வரக்கூடாது என்று நினைத்தேன். சமையலறை மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் நிதானமாக வாசித்தார். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போடுங்கோ. ஆனா ஒண்டு பிழை."

"என்னக்கா?"

"ஒரே ஒரு வாக்கியம் எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டு வசனம் எழுதினனீங்கள். பைல் வந்த அண்டைக்கு அவர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். முதலாவதை அவர் பெரிசா எடுக்கேல்லை. அது சரிதானே எண்டுகூடச் சொன்னவர். ரெண்டாவதுதான்..."

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. எனக்கு நினைவு வந்துவிட்டது. உண்மையில் நான் அதை மறந்திருந்தேனா என்பதைக்கூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டாம் வாக்கியம் இது: "அவரது கல்வித் தகுதிகள் முறையான பாதையில் பெறப்பட்டவை அல்ல என்பதையும் குழு கருத்தில் கொள்ளலாம்." பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால், ஷிப்டுக்கு இடையே படித்த ஒருவரைப் பற்றி, பட்டமெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று அவரிடமே சொன்ன நான் எழுதியது. மேலே ஒரே ஒரு வாக்கியம் என்று இருப்பதை நான் திருத்தவில்லை. பாவமன்னிப்புக் கேட்கும் இடத்திலும் நான் எதை ஒளிப்பேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

குகநேசனிடமிருந்து உங்களில் ஒவ்வொருவரும் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். கடிதம் வைத்திருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள், ஒரு பதவியில் ஒரு தாளைத் திருப்பி அனுப்பும் துணிவை வைத்திருக்கிறீர்கள். எனக்கு அவர் தந்தது அவருடைய கோபம். அவர் யாரையும் மன்னிக்காமல் விட்டதாக நான் கேள்விப்படவில்லை. தார்ப்பாய்ப் பட்டியலை மாற்றிய முகாம் தலைவரைக்கூட, பாவம், அவருக்கும் குடும்பம் இருந்தது என்பார். என்னை மட்டும் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த இடம் எனக்கு மட்டும் உரியது. அதில் பங்கு கேட்டு வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்று இப்போதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.